பால் பல் சொத்தையை அப்படியே விடலாமா?

விழப்போகிற பல்தானே, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும். நிரந்தரப் பல் முளைக்க இடமிருக்காது. வலியும் சீழும் வேறு.

வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கி, பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கரைக்கிறது. அதை உமிழ்நீர் சரிசெய்ய நேரம் வேண்டும். அதனால் நாள் முழுக்கக் கொறிப்பதுதான் ரொம்ப மோசம்.

முதல் பல் தெரிந்ததுமே துலக்கத் தொடங்குங்கள். 3 வயதுவரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும், அப்புறம் பட்டாணி அளவு. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும், சில மாத்திரைகளால் வாய் உலரும்; இதனால் அவர்களுக்கும் சொத்தை எளிதில் வரும். அவர்களையும் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.