ரெண்டு போன் அடாப்டரை வீட்டு நெட்வொர்க்லயே இணைக்க முடியுமா?

சாதாரண போனை நெட்வொர்க்ல இணைக்கிற பெட்டிதான் போன் அடாப்டர். மாடில ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல எந்த கம்பெனி சர்வரும் இல்லாம பேசணும்னு கேட்டிருக்கீங்க, தாராளமா முடியும். உங்ககிட்ட இருக்கிற கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி801ல நேரடி ஐபி கால் வசதி இருக்கு, இன்டர்நெட்டே வேண்டாம், ரவுட்டர் ஓடினா போதும்.

கீழ இருக்கிற போன்ல ரிசீவரை எடுத்து *** அடிங்க, குரல் மெனு வந்ததும் 02, ஐபி அட்ரஸை, அதாவது நெட்வொர்க்ல அந்த அடாப்டரோட எண்ணை, அதுவே வாசிச்சுக் காட்டும். அதை ரவுட்டர்ல அந்த அடாப்டருக்கே ரிசர்வ் பண்ணிடுங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க, அட்ரஸ் மாறிடுச்சுன்னா மறுமுனை மணியே அடிக்காது, காரணம் தெரியாம நீங்கதான் அலைவீங்க.

அடுத்தது, கீழ இருக்கிற அட்ரஸ் 192.168.1.12ன்னா மாடி போன்ல புள்ளிக்குப் பதிலா ஸ்டார் போட்டு *47192*168*1*12 அடிச்சு கடைசில # அழுத்துங்க, கீழ மணி அடிக்கும். அடிக்கலைன்னா அடாப்டர் செட்டிங்ஸ்ல சர்வர்ல பதிவு இல்லாமலே அவுட்கோயிங் காலுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க.