கல்லாய்ப் போன சுறாப்பல்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையில் நிற்கும் கால்வர்ட் குன்றுகள்தான் நான் வழக்கமாகச் சுறாப்பல் தேடும் இடம். மணலும் களிமண்ணும் படிந்த செங்குத்துச் சுவர்கள் அவை. சில இடங்களில் 30 மீட்டர் உயரம். ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளிலிருந்து 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் வரை வயதான கடல்தரை அது. அலை அறுக்க அறுக்க மண் சரிகிறது, பல் கரைக்கு வருகிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாஷிங்டன் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம் அக்கா. 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். எங்கே கூட்டிப்போகலாம்?

கால்வர்ட் கிளிஃப்ஸ் மாநிலப் பூங்கா பெயர்பெற்ற இடம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் 1.8 மைல் நடந்தால்தான் கடற்கரை வரும். திரும்பும்போதும் அதே தூரம். 9 வயதுப் பிள்ளை நடந்துவிடும். சின்னதைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் தடவை பக்கத்தில் உள்ள ஃபிளாக் பாண்ட்ஸ் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே நடை குறைவு, மணல் அகலம், பிள்ளைகள் உட்கார்ந்து கிளறலாம்.

கோடையில் அந்தத் தண்ணீரில் கொட்டும் ஜெல்லிமீன் வரும். காட்டுப்பாதையில் உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கரையில் கிடப்பதை எடுத்துவைத்துக்கொள்ளத் தடை இல்லை. குன்றைத் தோண்டத்தான் கூடாது.

குன்றுக்கு அடியில்தானே பல் அதிகம் இருக்கும்? கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்களே, ஓரமாகப் போனால் என்ன?

போகாதீர்கள். இதில் சமரசமே இல்லை. அது பாறை இல்லை, ஈரம் ஊறிய மண். அலை அடியை அரித்துவிட்டிருக்கும். மேலே மரத்தோடு ஒரு பெரிய பாளம் தொங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து பிளக்கும், பனி உருகும் நாளில் எந்தச் சத்தமும் இல்லாமல் லாரி லாரியாக மண் இறங்கும். இந்தக் கரையில் அப்படிச் சரிந்து உயிர் போயிருக்கிறது.

தவிர, அடியில் அதிகம் கிடைக்கும் என்பதும் சரியில்லை. சரிந்த மண்ணை அலை கரைத்து, பல்லையும் கூழாங்கல்லையும் பிரித்து, கரையோரமாக இழுத்துக்கொண்டு போய்த் தள்ளித்தான் போடுகிறது. பூங்காவின் திறந்த கரையில் உங்களுக்குக் கிடைப்பதும் அந்தக் குன்றின் பல்தான்.

காலையிலிருந்து மதியம் வரை தேடினேன், ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் டப்பா நிறைய வைத்திருந்தார். என்ன வித்தை அது?

எங்கே பார்ப்பது, எவ்வளவு மெதுவாகப் பார்ப்பது, இந்த இரண்டும்தான். வெறும் மணலில் நடக்காதீர்கள். அலை வந்து திரும்பும் விளிம்பில் உளுந்து, மொச்சை அளவுக் கூழாங்கற்கள் திட்டுத் திட்டாக ஒதுங்கியிருக்கும். அந்தத் திட்டில் உட்கார்ந்துவிடுங்கள். பல்லும் அதே அளவு, ஏறத்தாழ அதே எடை என்பதால் அலை இரண்டையும் ஒரே இடத்தில்தான் போடும். திட்டே இல்லாத நூறு அடியை வேகமாகக் கடந்துவிட்டு, திட்டு உள்ள பத்து அடியில் அரைமணி நேரம் செலவழியுங்கள்.

கண் தேட வேண்டியது கறுப்பை மட்டும் இல்லை, பளபளப்பையும். அங்கே கரிய கல், நிலக்கரித் துண்டு, சிப்பி உடைசல் எல்லாம் உண்டு. நனைந்த கல் மங்கலாக மின்னும். பல்லின் மேற்பூச்சு கண்ணாடி மாதிரி வெட்டி மின்னும், அதோடு வேர்ப்பக்கம் மட்டும் சொரசொரப்பாக மங்கி நிற்கும். ஒரே துண்டில் பாதி மினுக்கம், பாதி மங்கல் என்றால் குனியலாம். சூரியன் தாழ்வாக உங்களுக்கு எதிரே இருக்கும்படி நடந்தால் அந்த மினுக்கம் எட்டடி தூரத்திலேயே தெரியும். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் உங்கள் நிழல்தான் தெரியும்.

நேரம் பார்த்துப் போங்கள். செசபீக்கில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை, ஒரு அடி, ஒன்றரை அடிதான். அதனால் காற்றுதான் பெரிய விஷயம். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் விரிகுடாவின் தண்ணீரையே வெளியே தள்ளிவிடும், வழக்கமாக மூழ்கிக் கிடக்கும் சரளைப் படுகை வெளியே வரும். கிழக்குக் காற்றோடு புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் இறக்கம் இன்னும் நல்லது. அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வரவில்லை, காற்றைப் பார்த்து வந்திருப்பார்.

சல்லடை வேண்டுமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கால் அங்குலக் கண் உள்ள சல்லடை போதும். முழங்கால் தண்ணீரில் சரளையை அள்ளிப் போட்டு அலசுங்கள். போகும் இடத்தின் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தது இரண்டு செ.மீ. நீளம். ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, பின்விளிம்பில் பெரிய பெரிய ரம்பப்பல். ஆனால் நுனியில் மட்டும் ரம்பம் இல்லை, வழவழப்பு. புலிச்சுறாவா?

நுனி வழவழப்பு என்று கவனித்தீர்களே, அதுதான் விடை. அது ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்ற சுறாவின் மேல்தாடைப் பல். புலிச்சுறாவின் பல் சேவல் கொண்டை போல இருக்கும்: வளைவின் உள்பக்கம் ஒரு வெட்டு, அதற்குக் கீழே பெரிய ரம்பம், மேலே நுனிவரை பொடி ரம்பம். ஹெமிப்ரிஸ்டிஸுக்கு ரம்பம் கரடுமுரடாக வந்து நுனிக்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றுவிடும். அதே சுறாவின் கீழ்த்தாடைப் பல் ஒல்லியாக, கொக்கி மாதிரி, வேறு மீனுடையது என்று நினைக்கும்படி இருக்கும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியாக நீண்டு, அடியில் இரண்டு பக்கமும் குட்டி முள் இருந்தால் மணற்சுறா வகை. அகலமான முக்கோணம், ரம்பமே இல்லாத கத்தி விளிம்பு என்றால் இந்தக் கரையில் பெரும்பாலும் ஹஸ்டாலிஸ் என்ற அழிந்துபோன சுறா. வெள்ளைச் சுறாவுக்கு முன்னோடி. சீப்புத் துண்டுபோல் ஒரே வேரில் வரிசையாகச் சாய்ந்த முனைகள் இருந்தால் பசுச்சுறா, அதைப் பத்திரமாக வையுங்கள், அடிக்கடி கிடைக்காது. வரிவரியாக இருக்கும் தட்டையான கறுப்புப் பட்டை பல்லே இல்லை என்று பலரும் எறிந்துவிடுகிறார்கள். அது திருக்கையின் பல்தகடு, சிப்பியை நொறுக்கித் தின்ன வைத்திருந்தது.

பல் கறுப்பாக இருந்தால் ரொம்பப் பழையது, வெளுத்திருந்தால் புதியது, அப்படித்தானே?

இல்லை. நிறம் மண்ணைச் சொல்லும், வயதைச் சொல்லாது. புதைந்த இடத்துத் தண்ணீரிலிருந்து பாஸ்பேட்டும் இரும்பும் மற்ற தாதுக்களும் பல்லுக்குள் ஏறுகின்றன. எது ஏறியதோ அந்த நிறம். மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கத்துப் பல் 5 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது, வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். வயதைச் சொல்வது அது கிடந்த மண் அடுக்கு.

பல் மட்டும் ஏன் இவ்வளவு கிடைக்கிறது என்றால், சுறாவின் உடலில் இருப்பது குருத்தெலும்பு. அது பெரும்பாலும் மக்கிப்போகும். பல் வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், ஒரு சுறாவுக்கே ஆயிரக்கணக்கில்.

என் மகள் கேட்கிறாள்: இது சுறாவின் பல்தான் என்று முதலில் கண்டுபிடித்தது யார்?

நல்ல கேள்வி, அவளிடம் சொல்லுங்கள். ஐரோப்பாவில் வெகுகாலம் இவற்றை ‘நாக்குக் கல்’ என்றார்கள். சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுந்தவை என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை டஸ்கனி ஆட்சியாளர் ஃபிளாரன்ஸில் இருந்த உடற்கூறு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவுக்கு அனுப்பினார். அறுத்துப் பார்த்த ஸ்டெனோ, வாயில் இருக்கும் பல்லும் நாக்குக் கல்லும் ஒன்றே என்று 1667-இல் எழுதினார். அவருக்கு முன்பே இத்தாலிய அறிஞர் ஃபாபியோ கொலோன்னா 1616-இல் இதைச் சொல்லியிருந்தார். ஆனால் கடல்பல் மலைமண்ணுக்குள் எப்படிப் போனது என்று விடாமல் கேட்டு, அடுக்கடுக்காக மண் படியும் விதிவரை போனவர் ஸ்டெனோ. புவியியலுக்கே அது அடித்தளம்.

மெகலடான் என்ற ராட்சதச் சுறாவின் பல் ஒன்று கிடைத்தால் போதும் சார். வாய்ப்பு உண்டா? அது இன்னும் ஆழ்கடலில் உயிரோடு இருப்பதாகக் காணொளிகளில் சொல்கிறார்களே?

சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். கால்வர்ட் கரையில் மெகலடான் கிடைக்கிறது, ஆனால் அரிது. கிடைப்பதிலும் பாதி உடைசல். உள்ளங்கையை நிறைக்கும் கனம், விளிம்பு முழுக்க ஒரே சீரான பொடி ரம்பம், பின்பக்கம் வேருக்கும் மினுக்கத்துக்கும் நடுவே மங்கலான ஒரு பட்டை, இதுதான் அடையாளம். மிகப் பெரியவை 7 அங்குலம் வரை போகும்.

உயிரோடு இல்லை. ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. அந்தப் புரளிக்கு ஒரு வேர் உண்டு. 1870-களில் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் பசிபிக் ஆழத்திலிருந்து மெகலடான் பற்களை வாரி எடுத்தது. மேலே படிந்த மாங்கனீசின் தடிமனை வைத்து 1959-இல் ஒரு கணக்குப் போட்டு, 11,000 ஆண்டு, 24,000 ஆண்டு என்று வயது சொன்னார்கள். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை, கணக்கு நிற்காது. ஆயிரம் ஆயிரமாகப் பல் உதிர்க்கும் மீன் இன்று இருந்தால் கடலடியில் புதுப்பல் கிடந்தாக வேண்டும், அப்படி ஒன்றும் இல்லை.

ஆன்லைனில் வாங்கலாமா?

வாங்கலாம், ஏமாறாமல். வேர் ஒரு பல்லுடையது, முனை இன்னொன்றுடையது என்று ஒட்டி விற்பார்கள். மொராக்கோ பல்லை மணலும் பசையும் சேர்த்த கட்டியில் பதித்து, பாறையோடு கிடைத்தது என்பார்கள். லென்ஸ் வைத்து வேரில் காற்றுக் குமிழி தெரிகிறதா பாருங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் தனியாக ஒளிரும். எந்த ஊர் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஃபுளோரிடாவில் இருக்கிறோம். பீஸ் ஆற்றில் தேட அனுமதி வாங்க வேண்டுமா?

சுறாப்பல்லுக்கு மட்டும் வேண்டாம், சட்டமே விலக்கு தந்திருக்கிறது. ஆனால் அதே சல்லடையில் யானையினத்தின் பல்துண்டோ குதிரைப்பல்லோ வரும். அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கின் புதைபடிவம் எதை எடுத்தாலும் ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டே இறங்குங்கள். தண்ணீர் வற்றும் குளிர்காலம், வசந்தம்தான் பருவம். முதலையினம் உண்டு, தனியாகப் போகாதீர்கள்.

புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று வருமா?

ஐயோ, வேண்டாம். பித்தளைக்குச் சரி, இதற்குப் புளியும் எலுமிச்சையும் வினிகரும் எமன். அமிலம் முதலில் வேரைத் தின்னும். ப்ளீச்சும் கூடாது. நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி உப்பை எடுங்கள், அப்புறம் மெல்லிய பல்துலக்கியால் தேயுங்கள், நிழலில் காயவிடுங்கள். பொடியும் வேராக இருந்தால் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லப் பூசலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

காய்ந்ததும் ஒரு சிறு உறையில் போட்டு, எந்தக் கரை, எந்தத் தேதி, சரிந்த மண்ணிலா சரளையிலா என்று எழுதுங்கள். நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான். எங்கே கிடைத்தது என்று தெரியாத பெரிய பல்லைவிட, ஊரும் இடமும் எழுதிய கடுகளவு பல்லுக்கு ஆராய்ச்சியில் மதிப்பு அதிகம்.

அக்கா, நான் அரியலூர்க்காரன். எங்கள் பக்கம் காரையில் சுறாப்பல் இருப்பதாகப் படித்தேன். போய்ப் பொறுக்கலாமா?

இருக்கிறது தம்பி. உங்கள் ஊர் மண் கால்வர்ட்டைவிட மிகப் பழையது, காரைக் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டு, டைனோசர் காலத்துக் கடல். அங்கிருந்து எடுத்த சுறாப்பற்களை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், பொறுக்கிப் பையில் போடாதீர்கள். இங்கே இருப்பதுபோல் பொழுதுபோக்காகத் தேடுவோருக்கென்று வகுத்த ஏற்பாடு அங்கே இல்லை, பல இடம் சுரங்க நிலம். கிடந்தபடியே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், கைபேசியில் இடத்தைக் குறியுங்கள், பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறையிடம் காட்டுங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்குங்கள்.

நேற்று குன்று சரிந்த இடத்தில் வரிசையாக வட்ட வட்டமாக எலும்பு தெரிந்தது. திமிங்கலமா? எடுத்துவிடவா?

தொடாதீர்கள், அந்தச் சரிவுக்குப் பக்கத்திலும் போகாதீர்கள். வரிசை கலையாமல் இருக்கிறது என்றால் திமிங்கலமோ டால்பினோ முழுதாகவே கிடக்கலாம். தூரத்திலிருந்து இரண்டு மூன்று படம் எடுத்து, சாலமன்ஸ் ஊரில் உள்ள கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு இன்றே அனுப்புங்கள். அடுத்த ஏற்றத்துக்குள் அலை கொண்டுபோய்விடலாம், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.