‘நம்ம வீட்டில் குண்டு விழுமா?’

கேள்வி: பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு என்று மூன்று வாரமாக ஒரே பேச்சு. என் கணவர் நள்ளிரவு வரை செய்தி சேனலை அணைப்பதில்லை. எங்கள் பத்து வயது மகள் படுக்கும்போது, “நம்ம வீட்டில் குண்டு விழுமா?” என்று கேட்கிறாள். எனக்கே பயமாக இருக்கிறது, அவளுக்கு என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அப்படி எழுத மனம் வரவில்லை. பாத்மே என்ற சின்ன ஊர் யாருக்கு என்று 1998இல் எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் மோதிக்கொண்டன. அங்கே எண்ணெயும் இல்லை, தங்கமும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் பல்லாயிரம் உயிர்கள் போயின. ஆகவே உங்கள் பயத்தை அசட்டுப் பயம் என்று தள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் வளம் உள்ள பகாசி தீபகற்பத்துக்காக நைஜீரியாவும் கேமரூனும் மல்லுக்கு நின்றன, அவ்வப்போது சுட்டுக்கொள்ளவும் செய்தன. 2002இல் சர்வதேச நீதிமன்றம் அது கேமரூனுக்குத்தான் என்றது. நைஜீரியா முணுமுணுத்தது, முரண்டு பிடித்தது, 2008இல் ஒப்படைத்தும் விட்டது. நிலத்தின் மதிப்பு போரைத் தீர்மானிக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் சண்டை தேவைப்பட்டதா, இறங்கிவர ஒரு கௌரவமான படி கிடைத்ததா என்பதுதான் கணக்கு. 1978 டிசம்பரில், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக அர்ஜென்டினாவின் கப்பல்கள் சிலியை நோக்கிக் கிளம்பியே விட்டன. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் தூது அனுப்ப, இரு தரப்பும் அந்தப் படியைப் பிடித்துக்கொண்டன. 1984இல் ஒப்பந்தமும் ஆனது.

சரி, சாதாரண ஆளான நாம் எதைப் பார்ப்பது? தொலைக்காட்சியில் மேசையைத் தட்டுபவர்களை அல்ல. அவர்கள் போர் வந்தாலும் வராவிட்டாலும் தட்டுவார்கள். சத்தமில்லாமல் நடப்பதைப் பாருங்கள். இரு நாட்டு ராணுவ அதிகாரிகளுக்கு இடையிலான நேரடித் தொலைபேசி இணைப்பு இயங்குகிறதா? தூதர்கள் ஊரில் இருக்கிறார்களா? பேச்சுவார்த்தைக்கு அடுத்த தேதி குறித்திருக்கிறார்களா? இதெல்லாம் நடக்கும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் மக்களை உடனே கிளம்பச் சொன்னால் அது வேறு கதை. 2022 ஜனவரியில், உக்ரைன் எல்லைக்கு அருகே ரஷ்யா காயம்பட்டவர்களுக்கான ரத்தத்தைக்கூடக் கொண்டுபோய் வைக்கிறது என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். வெறும் மிரட்டலுக்கு யாராவது ரத்தம் சேமிப்பார்களா? அடுத்த மாதமே படையெடுப்பு தொடங்கியது. இப்படிப்பட்ட செய்தி ஓரமாக நாலு வரியில் வரும். இரவு விவாதத்தில் தேடினால் கிடைக்காது.

உங்கள் கணவரிடம் சண்டை போட வேண்டாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, எழுத்தில் செய்தி படிக்கலாம் என்று பேசி வையுங்கள். அந்த விவாதங்களைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் சொல்கிறேன். அப்புறம், குடும்பக் குழுவில் வரும் குண்டுவெடிப்பு வீடியோக்கள்: பல சமயம் பழையவை, வேறு நாட்டுடையவை. யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மகளுக்கு வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். “பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது மாறினால் முதலில் உனக்கு நானே சொல்வேன்” என்றால் போதும். அதில் பொய் இல்லை, அவளும் நம்புவாள். பிறகு படுக்கும்போது ஹான்ஸ் தீவின் கதையைச் சொல்லுங்கள். கனடாவுக்கும், டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்துக்கும் நடுவே ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் அளவில் ஒரு பாறை. டென்மார்க்கும் கனடாவும் பல ஆண்டுகள் மாறி மாறிப் போய் மற்றவர் கொடியைக் கழற்றிவிட்டுத் தங்கள் கொடியை நட்டு, எதிராளிக்கு ஒரு மது பாட்டிலையும் விட்டுவிட்டு வந்தார்கள். 2022இல் பாறையின் குறுக்கே கோடு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். குழந்தைக்குச் சொல்லும்போது பாட்டிலில் பழரசம் ஊற்றிக்கொள்ளுங்கள், பாதகமில்லை.