போர் அடிக்குமா?

கேள்வி: எல்லோரும் தியானம் செய்யத் தொடங்கிவிட்டால் சண்டை, பொறாமை, காதல் தோல்வி எதுவுமே இருக்காதே! அப்புறம் வாழ்க்கை போர் அடித்துவிடாதா?
(வாசகர் ஒருவர், மோல்மீன், பர்மா)

பதில்: முதலில் போரை முடித்துக்கொள்வோம். 'போர் அடிக்கிறது' என்று பிரித்து எழுதினால் சலிப்பு. 'போரடிக்கிறது' என்று சேர்த்து எழுதினால் நெல் உதிர்ப்பது. இருபது ஆண்டாக இதைச் சொல்லி வருகிறேன். இதே ஊரில் முன்பு கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நண்பர் ஒருவர், இலக்கணத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்று எனக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். விதி இல்லைதான். நான் போட்டது.

என் தாத்தா பெகு பக்கத்தில் போரடித்தவர். அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். மாட்டின் வால் லேசாகத் தூக்கினால் போதும், அடுத்து என்ன வரப்போகிறது என்று கண்டுகொண்டு ஒரு கை வைக்கோலைப் பின்னால் நீட்டிப் பிடித்துவிடுவார். நெல்லில் சாணி விழுந்தால் பாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள். விடியும்வரை அதே வட்டம், அதே வால். அவரிடம் போய், "போரடிக்கவில்லையா தாத்தா?" என்று கேட்டிருந்தால், "அதைத்தானே அடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றிருப்பார். மதுரையில் மாடு போதாமல் யானை கட்டிப் போரடித்தார்களாம். பெருமைதான். யானையின் வாலை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் எந்தப் புலவரும் சொல்லவில்லை.

சரி, தியானம். 'எல்லோரும் செய்யத் தொடங்கிவிட்டால்' என்று, இனிமேல்தான் நடக்கப்போவது போலக் கேட்கிறீர்களே! மோல்மீனில் உங்கள் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 'தயா டைங்' என்பார், தர்மத்தில் உட்காருவது. லெடி சயாடோ (சயாடோ என்றால் மூத்த பிக்கு) காலத்திலிருந்தே அது பிக்குகளோடு நிற்காமல் குடும்பஸ்தர்களிடமும் வந்துவிட்டது. 1949இல் மகாசி சயாடோ அப்போதைய தலைநகர் ரங்கூனுக்கு வந்தபின், கடைக்காரரும் குமாஸ்தாவும் மூச்சோடு வயிறு உப்புகிறது, ஒடுங்குகிறது என்று கண்ணை மூடிக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அந்த 1949இல்தான் ரங்கூனுக்கு வெளியே இன்செயினில் சண்டை. உள்நாட்டுப் போர் அதற்கு முந்தைய ஆண்டே மூண்டுவிட்டது. பிரதமர் ஊ நூ தியானத்தில் தோய்ந்தவர். ஆனாலும் அவருடைய ஆட்சி எட்டிய தூரத்தைப் பார்த்து 'ரங்கூன் அரசாங்கம்' என்று கேலி செய்தார்கள். ஆக, தியானம் பெருகினால் போர் வந்துவிடும் என்ற உங்கள் பயம் வீண். தியானம் பெருகினால் போர் போய்விடும் என்று நம்பியவர்கள்... இதற்கு மேல் எழுத இடமில்லை. தாள் விலை ஏறிவிட்டது.

நானும் ஒரு முறை பத்து நாள் உட்கார்ந்தேன். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. முதல் சில நாள் மூக்குக்குக் கீழே மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். மூச்சு வந்ததோ இல்லையோ, முப்பது ஆண்டுக்கு முன் சந்தா வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஏஜென்ட் வந்தான். அவன் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. மூன்றாம் நாள், அந்த நாலு பக்கக் கடிதத்துக்கு மனத்துக்குள் ஆறு பக்கப் பதில் எழுதி முடித்தேன். நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்த கட்டுரை. ஐந்தாம் நாள், முன்வரிசைக்காரர் தும்முவதற்கு முன் தோள் எப்படி ஏறும் என்பது எனக்கு அத்துபடி. தாத்தாவும் வாலும் நினைவுக்கு வந்தார்கள். பத்தாம் நாள் பேசலாம் என்று விட்டார்கள் பாருங்கள், சந்தைக்கடை தோற்றது! ஒன்பது நாள் வாயைக் கட்டிப்போட்ட மனிதர்களிடம் அவ்வளவு சரக்கு இருந்தது.

சுவாரசியம் குறைந்துவிடும் என்கிறவர்கள் தியான ஆசிரியர் ஊ பா கின் கதையைக் கேட்க வேண்டும். அவர் துறவி அல்ல. 1948இல் சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். 1950இல் தம் அலுவலக ஊழியர்களையே தியானத்தில் உட்கார வைத்தார். மண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்கா, மார்ஃபின் ஊசி போடும் அளவுக்கு ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போனபோது, தலைவலி தீருவதற்காக என்றால் வராதே என்றார். அப்புறம் 1955இல் கோயங்கா உட்கார்ந்ததும், 1969இல் இந்தியாவுக்குப் போய் அதைப் பரப்பியதும் உலகத்துக்கே தெரியும். எனக்குப் பிடித்த செய்தி வேறு. இத்தனையும் ஒரு கணக்கு அலுவலகத்தில் முளைத்தது. கண்ணை மூடச் சொன்னவர், கணக்கில் கண்ணை மூடாதவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) போன ஆண்டு பத்து நாள் முடித்து வந்தார். முன்பெல்லாம் தீமிதி வசூல் கணக்கைக் கேட்டால் மேசையைத் தட்டுவார், நாங்களும் தட்டுவோம், கூட்டம் களைகட்டும். இப்போது தட்டுவதில்லை. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "எல்லாம் அநித்தியம் அண்ணே" என்கிறார். வசூலும் அநித்தியம், செலவும் அநித்தியம், அப்படியே இருக்கட்டும். ரசீதுப் புத்தகம் எங்கே, தம்பி? அது இன்னும் வரவில்லை. வந்ததும் வரவு செலவை இதே பக்கத்தில் முழுதாக அச்சிடுகிறேன். அதற்குத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.