சேனைக்குத் தேன் வேண்டாம்

வணக்கம். மகன் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். சேனை வைப்பதற்கென்றே கொல்லிமலைத் தேன் வாங்கி வைத்திருந்தேன். டாக்டர் கூடாது என்றாராம், மருமகள் பாட்டிலைத் தொடவே விடவில்லை. ஆனால் நான்கு வயதுப் பேரனுக்கு இருமல் வந்தபோது அதே டாக்டர் தேன் கொடுக்கச் சொன்னார். இது என்ன நியாயம்? என் பிள்ளைகள் மூவருக்கும் தேன்தான் தொட்டு வைத்தேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் காப்பிக்கும் தேன்தான் போடுகிறேன்.
- ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள அம்மா,

டாக்டர் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு வயதுக்கு முன்னால் தேன் கூடாது, அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் இருக்கிறது. அதன் வித்துகள் சில சமயம் தேனிலும் வந்துவிடும். நாம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமைந்திருக்காது. வித்து அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் பால் உறிஞ்ச முடியாமல் போகும், அழுகுரல் மெலியும், கைகால் துவளும். மூச்சே சிரமமாகும் அளவுக்கும் போகலாம். இதைத் தனி நோயாக அமெரிக்காவில் அடையாளம் கண்டதே 1976இல்தான். அதற்கு முன் எந்த ஊர்ப் பாட்டிக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், இது அபூர்வமான நோய், பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் பிறந்த குழந்தைக்குத் தேனால் ஒரு லாபமும் இல்லை. பிறகு எதற்கு அந்த அபூர்வத்தோடு விளையாட்டு? கொல்லிமலைத் தேன் என்பதாலும் விலக்கு கிடையாது, கலப்படமே இல்லாத தேனிலும் வித்து இருக்கலாம். காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை, கொதிக்கும் நீரின் 100 டிகிரியை அது தாங்கிவிடும்.

சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உங்கள் வருத்தம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பேத்தியின் முதல் பிறந்தநாள் தாண்டியதும் நீங்களே உங்கள் கையால் தொட்டு வையுங்கள். அதுவரை மருமகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

பேரன் விஷயம் வேறு. சளி இருமலுக்குத் தேன் கேட்கும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 2012இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையான 300 குழந்தைகளுக்குப் படுக்கும் முன் 10 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தேனுக்குப் பதில், நிறத்திலும் சுவையிலும் அதைப் போன்ற பேரீச்சம்பழப் பாகு. எல்லோருக்கும் இருமல் தணிந்தது, ஆனால் தேன் குடித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தணிந்தது, தூக்கமும் வந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலிலும் 2018 முதல் தேன் இருக்கிறது. இரவில் அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும், பிறகு பல் துலக்கிவிடுங்கள். மூச்சு இரைத்தாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ தேனை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்தக் காப்பி. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். மலையிலிருந்து வந்தாலும் ரத்தத்தில் அது சர்க்கரையாகத்தான் ஏறும். ஒரு கரண்டி போட்டால் ஒரு கரண்டி இனிப்பு என்றே கணக்கு வையுங்கள். அடுத்த முறை சர்க்கரை டாக்டரைப் பார்க்கும்போது, ஐயா நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.