பி.காம். சி.ஏ. மகளுக்கு வங்கியா, கம்ப்யூட்டரா?

அன்புள்ள ஐயா,

"எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது, இனி வங்கிக்கு ஆள் எதற்கு?" என்று கேட்டு, பி.காம். சி.ஏ. (வணிகவியலோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்) படித்த மகளை வங்கிப் பக்கம் அனுப்புவதா, கம்ப்யூட்டர் பக்கம் அனுப்புவதா என்று எழுதியிருக்கிறீர்கள். போனைப் பற்றிச் சொன்னது பாதி சரி. பணம் வாங்கிக் கொடுக்கும் கவுன்டர் வேலை சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வங்கிகளுக்குள் போட்டி நடக்கும் இடம் அதுவல்ல.

2016-இல் வந்த யூபிஐ எல்லா வங்கிக்கும் பொது. மாட்டுத்தாவணிப் பழக்கடையில் ஸ்கேன் செய்கிறீர்கள். உங்கள் கணக்கு எந்த வங்கியில் என்று கடைக்காரர் கேட்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து கடைக்குப் போகும் அந்தப் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணமும் வாங்க முடியாது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்டிஜிஎஸ் அடுத்த டிசம்பரிலும் 24 மணி நேரச் சேவையாகிவிட்டன. ஆக, பணம் அனுப்புவதில் யாரும் யாரையும் முந்த முடியாது.

முந்துவது கடனில். கீழமாசி வீதி மொத்த வியாபாரி ஒருவர் நடப்பு மூலதனக் கடன் (அன்றாட வியாபாரச் செலவுக்கான கடன்) கேட்டால், அவருடைய ஜிஎஸ்டி கணக்கையும் வங்கி ஸ்டேட்மென்டையும் சிஸ்டத்திலேயே படித்து முதலில் பதில் சொல்லும் வங்கிக்குத்தான் அவர் போவார். இன்னொன்று, சிஸ்டம் படுக்காமல் இருப்பது. அடிக்கடி சேவை முடங்கியதால் 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதையே ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2024 ஏப்ரலில் கோட்டக் மகிந்திராவுக்கு ஆன்லைனில் புதிய வாடிக்கையாளர் சேர்க்கத் தடை. அது நீங்க 2025 பிப்ரவரி ஆனது. அத்தனை மாதமும் அந்த வாடிக்கையாளர்கள் பக்கத்து வங்கிக்கு.

 

உங்கள் மகளுக்கு இதில் இடம் எங்கே? ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், வங்கி 5 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க மெஷின் பதிவு, ஸ்விட்ச் (மெஷினையும் வங்கியையும் இணைக்கும் அமைப்பு) பதிவு, கோர் பேங்கிங் (வங்கியின் மையக் கணக்கு மென்பொருள்) பதிவு மூன்றையும் ஒப்பிட வேண்டும். புரோகிராம் மட்டும் தெரிந்தவருக்குப் பற்று வரவு புரியாது. கணக்கு மட்டும் தெரிந்தவரால் லட்சக்கணக்கான வரிகளில் தேட முடியாது. 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியும் இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான். வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு கோர் பேங்கிங்கோடு இணைக்கப்படாததால், வெளிநாட்டுக்குப் போன கடன் உத்தரவாதங்கள் வங்கியின் கணக்கிலேயே ஏறவில்லை.

பி.காம். சி.ஏ. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படிப்பு. பெயரளவில் நின்றால் போதாது. தரவுகளைத் தேடும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஜாயின் (பட்டியல்களை இணைப்பது), குரூப் பை (வகைவாரியாகத் தொகுப்பது) இரண்டும் கைக்கு வரட்டும். 200 வரி கொண்ட இரண்டு பரிவர்த்தனைப் பட்டியல்களை வைத்துக்கொண்டு பொருந்தாதவற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: 12 இலக்கக் குறிப்பெண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும், அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட்டாக மாற்ற வேண்டும். இரவு 11.58-க்கு நடந்தது ஒரு பட்டியலில் இன்றும் மற்றதில் நாளையும் இருக்கும். ஒரே தொகை இரண்டு முறை திருப்பப்பட்டிருக்கும்.

தேர்வுக்கு வருவோம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் கிளார்க் தேர்வுக்கு 20–28 வயது, பிஓவுக்கு (பயிற்சி அதிகாரி) 20–30. இரண்டுக்கும் எந்தப் பட்டமும் போதும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். கிளார்க்குக்குக் கேட்கும் கம்ப்யூட்டர் அறிவுக்கு அவள் பட்டமே சான்று, தனியாகச் சான்றிதழ் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். ஐ.டி. அதிகாரி பணிக்கு மட்டும் இந்தப் பட்டம் செல்லாது. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த பொறியியலோ, இரண்டு வருட எம்சிஏவோ (கம்ப்யூட்டர் முதுநிலைப் பட்டம்), மத்திய அரசு அமைப்பான நைலிட்டின் 'பி' லெவல் கம்ப்யூட்டர் தேர்ச்சியோ வேண்டும். "ஐ.டி. அதிகாரி ஆக்குகிறோம்" என்று பி.காம். மாணவரைச் சேர்க்கும் பயிற்சி மையத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். என் யோசனை: இந்த வருடம் பிஓ, கிளார்க் இரண்டும் எழுதட்டும், கையோடு எம்சிஏ நுழைவுத் தேர்வும். அதற்குப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் கேட்கிறார்களா என்று அறிவிப்பில் பார்த்து, மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு காகித விஷயங்கள். பணியில் சேரும்போது கடன் வரலாறும் பார்க்கிறார்கள். கல்விக் கடன் தவணையோ, போன் ஆப்பில் வாங்கிய சின்னக் கடனோ பாக்கி நிற்கக் கூடாது. அடுத்து, வயதுச் சலுகைக்கு மாநில பி.சி. சான்றிதழ் போதாது. சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்ல என்ற வரியோடு, அறிவிப்பு சொல்லும் தேதிக்குள் புதிதாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். நேர்காணலுக்கு முந்தின வாரம் தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது.