எங்கள் தெருவை அகலப்படுத்தி பைபாஸோடு இணைக்கப் போகிறார்கள். இரைச்சல் எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். வண்டி ஓடுகிற சத்தத்தை ரொம்ப நன்றாகவே கணிக்கலாம், ஆனால் ஹாரனைக் கணிக்க முடியாது, நம் ஊரில் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். சாலைத் திட்டங்களுக்கு இரைச்சல் அளக்கும் வேலையில் நான்கு வருடம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மணிக்கு எத்தனை வண்டி, அதில் லாரியும் பஸ்ஸும் எத்தனை சதவீதம், என்ன வேகம், சாலை ஏற்றமா சமதளமா, உங்கள் ஜன்னல் எவ்வளவு தூரம், நடுவில் சுவர் இருக்கிறதா, இவ்வளவு தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். 1988-இல் பிரிட்டன் வெளியிட்ட முறைப்படி, லாரியே இல்லாத சமமான சாலையில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1000 வண்டி போனால், சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டரில் சுமார் 72 டெசிபல். மற்றதையெல்லாம் அதிலிருந்து கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் இப்போது எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு முறை, அதில் டயர் சத்தம் தனி, எஞ்சின் சத்தம் தனி. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரைச்சல் வரைபடம் போட்டே ஆக வேண்டும்.

இதில் சாதாரண மக்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வண்டிகள் இரண்டு மடங்கானால் டெசிபல் 3 தான் கூடும், பத்து மடங்கானால்தான் 10 கூடும். 'மூன்றே டெசிபல்தான் அதிகம்' என்று அறிக்கையில் படித்தால், உங்கள் தெருவில் ட்ராஃபிக் இரட்டிப்பாகப் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, ஹாரனுக்கு வருவோம். மேம்பாலம் இறங்குகிற ஓர் இடத்தில் 24 மணி நேரமும் அளந்தோம். பகலில் கணிப்புக்கும் மீட்டருக்கும் 2 டெசிபல்கூட வித்தியாசமில்லை. ராத்திரியில் மீட்டர் 10 டெசிபலுக்கு மேல் அதிகம் காட்டியது. மீட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தோம், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு லாரியும் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறது. அந்த வளைவை ஒட்டி வீடுகள் இருந்தன, ஜன்னலோரம் ஒரு குழந்தையின் தொட்டில் கட்டியிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்கே போட்டுப் பாருங்கள். ராத்திரி ஒரு மணி நேரம் 50 டெசிபலில் அமைதியாகப் போகிறது, நடுவில் மொத்தமாகப் பத்தே வினாடி 90 டெசிபல் ஹாரன். அந்த மணி நேரத்தின் ஒலி ஆற்றல் சராசரி, அதாவது லெக்யூ, கிட்டத்தட்ட 65 ஆகிவிடும். ஆனால் பிரிட்டன் முறை பார்ப்பது எல்10, ஒரு மணி நேரத்தில் ஆறு நிமிடம் மட்டும் தாண்டப்படுகிற அளவு. அது 50-இலேயே நிற்கும், பத்து வினாடி அதன் கண்ணிலேயே படாது. ஹாரன் அடிக்காத ஊர்களுக்காக எழுதிய சூத்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. அவசரம் தவிர, அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் ஹாரனே அடிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2011-இலிருந்து ஏழு நகரங்களில் நிலையான கருவிகள் வைத்து அளக்கிறது, சென்னையில் தி.நகர், பெரம்பூர், கிண்டி, திருவல்லிக்கேணி, எழும்பூர் கண் மருத்துவமனை மாதிரி இடங்களில். நல்ல வேலை, ஆனால் ஊருக்குப் பத்து கருவிகளை வைத்துக்கொண்டு உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அதனால் வேலை தொடங்கும் முன்பே உங்கள் தெருவில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். முழுசாக 24 மணி நேரம் வேண்டும், பகலில் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு மிச்சத்தை உட்கார்ந்து நிரப்பிய அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. ஒவ்வொரு மணிக்கும் லெக்யூவையும் எல்90-ஐயும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்90 என்பது பின்னணி அமைதி. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் நடுநடுவே ஏதோ வெடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ஹாரன்தான். போனில் இருக்கும் ஆப் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆதாரமாகக் காட்ட உதவாது.

அப்புறம், ஒரு வரிசை மரம் நட்டுத் தருகிறோம் என்றால் நிழலுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், சத்தத்தை அது தடுக்காது. சுவர் கட்டினால் தரைத்தளத்துக்குப் பலன் உண்டு, சுவருக்கு மேலே சாலை தெரிகிற மாடிக்குக் கிடையாது. ஆகவே மீட்டரைத் தெருமுனையில் மட்டும் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள், மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியேயும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.